சோற்றைக் குறைத்தால் முதுமை தள்ளிப்போகுமா? நாற்பது தாண்டியவர்களுக்கு முழு வழிகாட்டி

"அரிசியை விட்டுவிடுங்கள், ஆயுள் கூடும்" என்று ஒரு வீடியோ சொல்லும், அடுத்த வீடியோவில் "நம் பாட்டன் பூட்டன் சோறு தின்றுதானே தொண்ணூறு வயது வரை இருந்தார்கள்" என்று இன்னொருவர் திட்டுவார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. கார்போஹைட்ரேட்டை, அதாவது மாவுச்சத்தையும் சர்க்கரையையும், அளவாகக் குறைப்பது நம்மைப் போன்ற சோறு தின்னும் ஆட்களுக்கு வயதான காலத்தில் உதவும் என்றே தெரிகிறது. ஆனால் எவ்வளவு குறைத்தோம் என்பதைவிட, குறைத்த இடத்தில் என்ன வைத்தோம் என்பதுதான் பெரிய விஷயம். வீட்டில் அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

அதற்கு முன், ஆராய்ச்சி எதுவரை போயிருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் யார் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டியதாகிவிடும்.

ஆய்வுகள் சொல்வது

1993-ல் சிந்தியா கென்யான் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இன்சுலின் போன்ற சமிக்ஞையை வாங்கும் டாஃப்-2 என்ற ஒரே ஒரு மரபணு மாறிய புழுக்கள் இரண்டு மடங்கு காலம் உயிரோடு இருந்ததைக் கண்டுபிடித்தார். பிற்பாடு அதே புழுவின் உணவில் குளுக்கோஸைச் சேர்த்துப் பார்த்தபோது ஆயுள் குறைந்தது. 2017-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக்கூடங்கள் எலிகளுக்கு மாவுச்சத்து ஏறக்குறைய இல்லாத, கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு கொடுத்துப் பார்த்ததில், ஒன்றில் எலிகளின் சராசரி ஆயுள் 13 சதவீதம் கூடியது, இரண்டிலுமே வயதான எலிகளின் நினைவுத்திறன் நன்றாக இருந்தது. இதையெல்லாம் வைத்துத்தான் "கீட்டோ என்றால் இளமை" என்ற பேச்சு கிளம்பியது. எலிக்குச் சரி. மனிதர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சோறு போட்டு மறு பாதிக்குப் போடாமல் ஐம்பது வருடம் காத்திருந்து பார்த்த பரிசோதனை எதுவும் கிடையாது.

மனிதர்களிடம் இருப்பது நீண்ட காலக் கண்காணிப்பு ஆய்வுகள்தான். 2017-ல் வந்த ப்யூர் ஆய்வு 18 நாடுகளில் 1,35,335 பேரைப் பின்தொடர்ந்தது, இந்தியாவும் அதில் உண்டு. மாவுச்சத்து மிக அதிகமாகச் சாப்பிட்ட பிரிவினரின் இறப்பு அபாயம், மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 28 சதவீதம் கூடுதலாக இருந்தது. அடுத்த வருடமே லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 15,428 அமெரிக்கர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று வந்தது. மொத்தக் கலோரியில் 50 முதல் 55 சதவீதம் மாவுச்சத்திலிருந்து எடுத்தவர்கள்தான் அதில் அதிக காலம் வாழ்ந்தார்கள். 70 சதவீதத்துக்கு மேல் போனவர்களுக்கும் அபாயம், 40-க்குக் கீழே போனவர்களுக்கும் அபாயம். குறைத்த இடத்தில் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, சீஸ் என்று போட்டவர்களுக்கு ஆயுள் குறைந்தது, பருப்பு, கொட்டை, காய் என்று போட்டவர்களுக்குக் கூடியது. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள், காரணத்தை நிரூபிப்பவை அல்ல என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஜப்பானின் ஒகினாவா தீவு வேறு கதை சொல்கிறது. நூறு வயதுக்காரர்களுக்குப் பேர்போன அந்தத் தீவின் பழைய உணவில் 80 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்து, அதுவும் பெரும்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஆனால் அவர்கள் நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்ந்தார்கள், வயிறு நிறையச் சாப்பிடவும் இல்லை. நம் பாட்டன் கதையும் அதேதான். ஏர் பிடித்தவர் தின்ற சோற்றை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தின்றால் அது எங்கே போகும்?

நமக்கு ஏன் இது கூடுதலாகப் பொருந்துகிறது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு, 13 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அதன் முந்தைய நிலை. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வந்தது. அதன்படி நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவீதம்தான்.

இதோடு நம் உடம்பின் வாகும் சேர்ந்துகொள்கிறது. புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் 2004-ல் லான்செட் இதழில் வெளியானது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. ஆனால் உடற்கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசை கம்மி. தெருவுக்கு நாலு பேர் இப்படி இருக்கிறோம், "எனக்கென்ன, நான் குண்டா இல்லையே" என்று சொல்லிக்கொண்டே.

தசைதான் சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும் இடம். தசை குறைவாக இருந்து மாவுச்சத்து அதிகமாக வந்தால், மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றும், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும், இன்சுலின் எவ்வளவு சுரந்தாலும் போதாமல் போகும். ரத்தத்தில் சுற்றும் உபரிச் சர்க்கரை உடம்பிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, நாளடைவில் ரத்தக் குழாய்களையும் கண் வில்லையையும் தோலின் கொலாஜனையும் விறைப்பாக்கும். மூன்று மாத சுகர் என்று நாம் பார்க்கும் ஹெச்பிஏ1சி அளப்பதும் அந்த ஒட்டுதலைத்தான், ரத்தச் சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை. வயதாவதில் சர்க்கரைக்கு இருக்கும் பங்கை ஓரளவு ஊகிக்க உதவும் எண் அது.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: தொடங்கும் முன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால் முழுப் பரிசோதனை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஹீமோகுளோபின். இவ்வளவு போதும். ஹெச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4 வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு. ஹீமோகுளோபின் எதற்கென்றால், இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிட அதிகமாகக் காட்டக்கூடும், நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு அது உண்டு.

அப்புறம் ஒரு தையல் டேப். தொப்புளை ஒட்டிச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் உள்ளே கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள், பக்கத்தில் யாராவது நேரம் பார்க்கட்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் ஆசியர்களுக்கான அளவுகோலின்படி தசைத் திறன் குறைவு. அறுபது வயதுக்காரருக்கு ரத்தப் பரிசோதனையைவிட இந்தச் சோதனைதான் முக்கியம் என்பது என் கருத்து.

படி 2: மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் டாக்டரிடம்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், அதே அளவு மருந்தைப் போட்டுக்கொண்டு சோற்றை மட்டும் பாதியாக்கினால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் வெட்டினால், ரத்தச் சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிற ஆபத்து உண்டு. ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் சில வாரங்களில் குறைக்க வேண்டி வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் கட்டாயம் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளும் முதல் வகை நீரிழிவுக்காரர்களும் இந்தக் கட்டுரையை வைத்து எதுவும் செய்ய வேண்டாம்.

படி 3: இப்போது எவ்வளவு போகிறது என்று கணக்குப் போடுங்கள்

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் நான்கு இட்லி, ஒன்றுக்குச் சுமார் 10, 11 கிராம் என்று 40-க்கு மேல். மதியம் வடித்த சோறு 350 கிராம், 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து என்பதால் அது மட்டும் கிட்டத்தட்ட 100. இரவு மூன்று தோசை, 65 முதல் 75. மூன்று வேளை காபி டீயில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை, 25 முதல் 30. நாலு மணிக்கு பிஸ்கெட், 20. பருப்பு, பால், காய், பழம் எல்லாவற்றிலிருந்தும் இன்னொரு 40. கூட்டிப் பாருங்கள், 300 கிராமைத் தொட்டுவிடும். ஒரு கிராமுக்கு 4 கலோரி வீதம் 1,200. நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடும் ஆளுக்கு இது மூன்றில் இரண்டு பங்கு.

இதை 50 சதவீதத்துக்குக் கொண்டுவர 225 கிராம் போதும். அதாவது 75 கிராம் குறைத்தால் போதும். மதியச் சோற்றில் 150 கிராம், அதாவது ஒரு பெரிய கரண்டி குறைத்தால் 42. காபியில் சர்க்கரையை விட்டால் 25. இரவில் ஒரு தோசையைக் குறைத்தால் 22. முடிந்தது, இலக்கைத் தாண்டியே விட்டது, இன்னும் உங்கள் தட்டில் சோறு இருக்கிறது.

பத்து வருடம் முன்பு முகநூலில் தானியத்தையே விட்டு இறைச்சி, கொட்டை என்று சாப்பிடும் பேலியோ அலை அடித்தபோது காலையில் நூறு பாதாம், மதியம் அரைக் கிலோ சிக்கன் என்று இறங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். பலருக்குச் சர்க்கரை நன்றாகவே இறங்கியது, மறுக்கவில்லை. ஆனால் கல்யாணப் பந்தி வரைக்கும் தாக்குப்பிடித்தவர்கள் எத்தனை பேர்? முதுமைக்கான உணவு என்றால் இருபது முப்பது வருடம் சாப்பிட முடிகிறதாக இருக்க வேண்டும். 2022-ல் வெளியான இந்திய ஆய்வொன்று, 18,090 பேரின் உணவை வைத்துக் கணக்கிட்டு, நீரிழிவுக்காரர்கள் சர்க்கரையைப் பின்னுக்குத் தள்ள மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குக் குறைத்து, புரதத்தை 19, 20 சதவீதத்துக்கு உயர்த்தினால் போதும் என்று சொல்லியிருக்கிறது. கீட்டோ தேவைப்படவில்லை.

படி 4: எதை முதலில் வெட்டுவது

குடிக்கிற சர்க்கரையை. ஜூஸ், குளிர்பானம், ரோஸ்மில்க், சத்துமாவு என்ற பெயரில் வரும் பாக்கெட் பொடிகள். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்துக்குச் சர்க்கரைதான், கருப்பட்டி காபி குடிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்தது மைதா: பிஸ்கெட், பன், பரோட்டா, பப்ஸ். மூன்றாவதாகத்தான் சோறும் மாவும். பழத்தை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம், கொய்யா, பப்பாளி, ஆரஞ்சை முழுதாகக் கடித்துத் தின்னும்வரை.

படி 5: தட்டைத் திருப்பிப் போடுவது

நம் சமையலில் சோறுதான் தட்டு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. குழம்பின் உப்பும் புளியும் காரமும் நிறையச் சோற்றில் பிசைவதற்கென்றே கணக்காக வைக்கப்பட்டவை. சோற்றை மட்டும் குறைத்தால் அதே குழம்பு உறைக்கும், கரிக்கும், நாக்கு தானாக இன்னொரு கரண்டி சோறு கேட்கும். டயட் மூன்றாம் நாளே உடைவது பல வீடுகளில் இப்படித்தான். எனவே சோறு குறைகிற அன்றைக்கே குழம்பில் உப்பு, புளி, மிளகாயையும் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே சமையுங்கள். வத்தக்குழம்பு, காரக்குழம்பு நாட்களைக் குறைத்துக் கூட்டு, மோர்க்குழம்பு, கீரை மசியல், கெட்டிப் பருப்பு என்று மாறினால், அவற்றைக் கிண்ணத்தில் போட்டு வெறுமனே சாப்பிடலாம்.

சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். நாலு பேருக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு போட்டால் ஒருவருக்கு எவ்வளவு வரும்? மிச்சமெல்லாம் தண்ணீர். அந்தச் சாம்பாரை நம்பிப் புரதக் கணக்கு போடக் கூடாது.

புரதம் எவ்வளவு வேண்டும்? ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்தியப் பரிந்துரை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை என்று முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்கிறார்கள், ஏனென்றால் வயதான தசைக்கு அதே வேலையைச் செய்ய அதிகப் புரதம் தேவைப்படுகிறது. 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். இரண்டு முட்டையில் 12. நூறு கிராம் மீனில் 20 வரும், அதற்கு வஞ்சிரம் வேண்டியதில்லை, மத்தியும் அயிலையும் ஒமேகா-3 கொழுப்பிலும் உசத்தி, விலையிலும் மலிவு. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 12 முதல் 14. பாலும் தயிருமாக அரை லிட்டர் போனால் 16. சைவம் மட்டும் என்றால் சோயா உருண்டை 30 கிராமில் 15 கிடைக்கும், பன்னீர் 50 கிராமில் 9, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. காலை உணவில் இதைச் சேர்ப்பதுதான் பலருக்குச் சிரமம். நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை. அல்லது அடை, பெசரட்டு மாதிரிப் பருப்பு மாவு தோசை. அடை என்று பெயர் வைத்துவிட்டு அரிசியை இரண்டு மடங்கு போட்டு அரைக்காதீர்கள், பருப்பு பாதிக்கு மேல் இருக்கட்டும்.

தட்டில் முதலில் காய், அப்புறம் பருப்பு அல்லது மீன், கடைசியில் சோறு வைத்தால் சோற்றுக்கு இடம் தானாகக் குறையும். பொரியலில் தேங்காய் இருக்கலாம், பிரச்சினை இல்லை. ஆனால் "கொழுப்பு நல்லது" என்று தினமும் நெய்யையும் தேங்காய் எண்ணெயையும் ஊற்றினால் சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் தாறுமாறாக ஏறும், சர்க்கரையில் சம்பாதித்ததை இதயத்தில் தொலைத்த கதையாகிவிடும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், கொட்டை வகைகள் போதும்.

படி 6: சிறுதானியப் பொறி

அரிசியை விட்டு வரகு, சாமை, தினைக்கு மாறியவர்கள் "இப்போது பயமில்லை" என்று வயிறு முட்டச் சாப்பிடுகிறார்கள். நூறு கிராம் தினையிலும் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. நான் மேலே சொன்ன 2025 ஆய்வு இதையும் பார்த்தது: வெள்ளையரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று மாற்றி, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால் நீரிழிவு அபாயம் குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதமாக மாற்றியபோதுதான் குறைந்தது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து அதிகம், வரகில் நார்ச்சத்து உண்டு, சாப்பிடுங்கள். கரண்டிக் கணக்கு மட்டும் அரிசிக்கு உள்ளதுதான். கூழாகவும் கஞ்சியாகவும் அரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாகச் சர்க்கரை ஏறும். பழைய சோற்றில் எளிதில் செரிக்காத மாவுப்பொருள் கொஞ்சம் கூடுகிறது என்பது உண்மை, ஆனால் பெரும்பகுதி செரிக்கும் மாவாகவே இருக்கிறது.

படி 7: வரிசை, நேரம், நடை

அமெரிக்காவின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் அல்பனா சுக்லா குழு 2015-ல் ஒரு சின்னச் சோதனை செய்தது. அதே சாப்பாடு, அதே நோயாளிகள், வரிசை மட்டும் வேறு. காயும் புரதமும் முதலில், ரொட்டியும் ஜூஸும் கடைசியில் என்று சாப்பிட்டபோது ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. பதினோரு பேரை வைத்துச் செய்தது என்பதால் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், ஆனால் செலவில்லாத வேலை, செய்து பார்க்கலாம். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் அப்படித்தான்.

இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள். ஒன்பதரைக்குத் தோசை, பத்தரைக்குத் தூக்கம் என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

படி 8: தசைக்கு வேலை கொடுங்கள்

மாவுச்சத்தைக் குறைத்து எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து இறங்கும். முப்பது வயதில் அது திரும்பி வரும், அறுபத்தைந்தில் வருவது கஷ்டம். எடை ஆறு கிலோ குறைந்து, சுகர் நார்மலாகி, பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் என்ன லாபம்? வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்குப் பாரம் கொடுக்கும் பயிற்சி வேண்டும். ஜிம்மெல்லாம் அவசியமில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்குவது, படி ஏறுவது, நின்றபடி குதிகாலை உயர்த்துவது. சுலபமானதும் எண்ணிக்கையையும் பாரத்தையும் கூட்டுங்கள். காலையில் மெரினாவில் பேசிக்கொண்டே நடப்பது நல்லதுதான், அது மட்டும் இதற்குப் போதாது.

முதல் இரண்டு வாரங்களில்

கொஞ்சம் தலைவலி, சோர்வு, மலச்சிக்கல் வரலாம். தண்ணீரும் மோரும் அதிகமாகக் குடிப்பது, கீரை, அவரை, வாழைத்தண்டு என்று நார்ச்சத்தைக் கூட்டுவது இதற்குப் போதும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் என்றால் அது வேறு, உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். விசேஷ வீடுகளில் இலையில் முதலில் கூட்டு, பொரியல், பருப்பு, அதன் பிறகு ஒரு சுற்று சோறு, பாயசம் இரண்டு வாய். "என்ன உடம்புக்கு, சாப்பிடவே மாட்டேங்கறீங்க" என்று கேட்கும் அத்தைக்கு "இன்னொரு கரண்டி பொரியல் போடுங்க அத்தை" என்பதே நல்ல பதில்.

படி 9: மூன்று மாதம் கழித்து

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் ஹெச்பிஏ1சி-யை அதற்கு முன் அவசரப்பட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அதே பரிசோதனைகள், அதே டேப், அதே நாற்காலி. ட்ரைகிளிசரைடும் இடுப்பும் இறங்கியிருந்தால் சரியான பாதை. எல்டிஎல் ஏறியிருந்தால் நெய், தேங்காய் எண்ணெய், சிவப்பிறைச்சியைக் குறைத்து மீன், கடலை, பருப்புக்கு மாறி மறுபடி பாருங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். எடை இறங்கி நாற்காலிச் சோதனை மோசமாகியிருந்தால் புரதமும் பயிற்சியும் போதவில்லை, சோற்றை மேலும் குறைக்காதீர்கள். எல்லாம் சரியாகச் செய்தும் ஹெச்பிஏ1சி அசையவில்லையென்றால் நாலு மணி நொறுக்குத்தீனியையும் தூக்கத்தையும் பாருங்கள், அதன் பிறகும் அசையாவிட்டால் மருந்து தேவைப்படுகிறது என்று பொருள், அதைத் தள்ளிப்போடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.